தையல் பக்கம்: அலுமாரியில் உறங்கும் நிட் துணிக்கு ஒரு வழி



உங்கள் அலுமாரியின் அடித்தட்டை ஒருமுறை கிளறிப் பாருங்கள். பெருநாளைக்கென்று வாங்கித் தைக்காமல் விட்ட துண்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து தந்த துணி, மஹரகமையின் பமுனுவையிலோ புறக்கோட்டையிலோ மலிவாகக் கிடைக்கிறதென்று நிறைக்கு வாங்கிய வெட்டுத்துண்டுகள் என்று எத்தனையோ வெளிவரும். அவற்றுள் பல, இழுத்தால் நீளும் துணியாக இருக்கும். ஜேர்சி, பெனியன் துணி, டீ-சேர்ட் துணி என்று நாம் பலவாறாகச் சொல்லும் நிட் துணிதான் அது.

நம் நாட்டில் இந்தத் துணிக்குப் பஞ்சமில்லை. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. ஏற்றுமதிக்குத் தைத்ததுபோக எஞ்சும் ரோல் துண்டுகள் சந்தைக்கு வருகின்றன. நாமும் வாங்குகிறோம். ஆனால் தைப்பதில்லை. "இது நெளியும், சுருளும், ஓவர்லொக் மெஷின் இல்லாமல் தைக்க ஏலாது" என்று பயந்து மடித்து வைத்துவிடுகிறோம்.

இதற்கிடையில் வீட்டில் நாம் உடுப்பது என்ன? சாயம் போன ஹவுஸ்கோட், அக்குளில் கிழிந்து இரண்டுமுறை தைத்த கவுன், பிள்ளை வேண்டாமென்று ஒதுக்கிய டீ-சேர்ட். கேட்டால், "வீட்டில்தானே!" என்போம். சுபஹிலிருந்து இரவு வரை சமையலும் துவையலும் பிள்ளைகளும் என்று நாம் அதிக நேரம் உடுத்தியிருப்பது அந்த வீட்டு உடுப்பைத்தான். குடும்பத்தில் எல்லோருக்கும் தைத்துக் கொடுக்கும் கை, தனக்கென்று வரும்போது மட்டும் ஏன் பின்வாங்குகிறது?

இன்னொன்றையும் யோசியுங்கள். வைத்திருக்கும் துணி அப்படியே இருந்துவிடுவதில்லை. கொட்டன் துணியில் ஈரக்காற்றுப் பட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். மடிப்புக் கோட்டில் மஞ்சள் படியும். லைக்ரா போன்ற இழுபடும் நூல் கலந்த துணியோ சூட்டிலும் காலத்திலும் தன் இழுவையை இழந்துவிடும். ஆகவே, சேமிப்பு என்று நினைத்து நாம் வைத்திருப்பது மெல்ல மெல்ல வீணாகிக்கொண்டிருக்கலாம். இம்மாதம் அதை எடுத்து, உங்களுக்கென்று ஒரு பாவாடையும் ஒரு கவுனும் தைப்போம்.

துணியை அறிந்துகொள்ளுங்கள்

சாதாரணத் துணி, நெடுக்கும் குறுக்குமாக ஓடும் நூல்களால் நெய்யப்படுவது. நிட் துணி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த கண்ணிகளால் பின்னப்படுவது. கண்ணிகள் விரிந்து சுருங்குவதால்தான் அது நீள்கிறது. வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வராததும் இதனால்தான். எனவே ஓவர்லொக் மெஷின் கட்டாயமில்லை. முதல் பயம் இத்தோடு தீர்ந்தது!

நம் கைக்கு அதிகம் வருபவை மூன்று வகை. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சிறு புள்ளிகள் போலவும் இருப்பது ஒற்றை ஜேர்சி. இது மெல்லியது; ஓரம் சுருளும். இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்து, சற்றுத் தடிப்பாகவும் சுருளாமலும் இருப்பது இன்டர்லொக். பாவாடைக்கும் கவுனுக்கும் இதைவிட நல்லதில்லை. முதன்முதலில் தைப்பவர்கள் இதையே எடுங்கள். வரிவரியாக மேடு பள்ளமாக இருந்து, மிகவும் நீள்வது ரிப். இது கழுத்துப் பட்டிக்கும் கைமுனைக்கும் உதவும்.

ஒற்றை ஜேர்சியில் நல்ல பக்கம் எது என்று குழம்பினால், குறுக்காக வெட்டிய ஓரத்தைப் பிடித்து இழுங்கள். அது எந்தப் பக்கமாகச் சுருள்கிறதோ அதுவே நல்ல பக்கம்.

வெட்டுமுன் மூன்று சோதனைகள்

1. இழுவை: துணியைக் குறுக்காகப் பிடித்து 4 அங்குலம் அடையாளமிட்டு, வலிந்து இழுக்காமல் நீட்டுங்கள். 5 அங்குலம் வந்தால் இழுவை 25 வீதம்; 6 வந்தால் 50 வீதம். நமக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது போதும். விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தொய்ந்தே நின்றாலோ, இழுக்கும்போது நொறுநொறுவென்று ஒலித்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. அதை உடுப்பாக்க மெனக்கெட வேண்டாம்.

2. சுருக்கம்: ஒரு மூலையில் 10 அங்குலச் சதுரம் ஒன்றை நூலால் அடையாளமிட்டு, பின்பு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே முழுத் துணியையும் துவைத்துக் காயப் போடுங்கள். பத்து, ஒன்பதரையானால் சுருக்கம் 5 வீதம். கொட்டன் நிட் பெரும்பாலும் நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். துவைக்காமல் தைத்த பாவாடை முதல் துவையலிலேயே கணுக்காலுக்கு மேலேறிவிடும். ஈரத் துணியைக் கொடியில் ஒரு முனையால் தொங்கவிடாதீர்கள்; பாரத்தில் இழுபட்டுவிடும். நிழலில் பரப்பிக் காயவிடுங்கள்.

3. வெளிச்சம்: ஒற்றைத் துணிக்குள் கையை வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல்கள் தெரிந்தால் அது மேலுடுப்புக்கு ஆகாது, உள்பாவாடையாகத் தையுங்கள். நிட் துணி உடம்போடு ஒட்டும் என்பதே நம் பெண்கள் அதை ஒதுக்குவதற்கு முக்கிய காரணம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு: தடித்த துணியைத் தெரிவது, தாராளமான அளவில் வெட்டுவது. கடைகளில் கிடைக்கும் நிட் உடுப்புகள் உடம்பின் அளவுக்கே வெட்டப்படுவதால்தான் பல ஒட்டுகின்றன. கீழே தந்துள்ள அளவுகளில் தளர்வு சேர்த்தே இருக்கிறது.

ஊசி, நூல், மெஷின்

நிட் துணிக்கென்று முனை உருண்ட ஊசி, அதாவது போல் பொயின்ட் ஊசி, கடைகளில் கிடைக்கிறது. கூரிய ஊசி கண்ணியை அறுத்துவிடும். துவைக்கத் துவைக்க அந்த இடம் ஓட்டையாகும். உருண்ட முனை கண்ணிகளுக்கு இடையே புகுந்து செல்லும். மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்கம், தடித்ததற்கு 14. தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

நூல் பொலியெஸ்டராகவே இருக்கட்டும். கொட்டன் நூல், துணி நீளும்போது தான் நீளாமல் அறுந்துவிடும்.

மெஷினில் சிக்ஸாக் தையல் இருந்தால், அகலம் 1 மில்லிமீட்டர், நீளம் இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்துத் தையுங்கள். நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய சிங்கர் மெஷின்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை மிக இலேசாக விறைப்பாக்கிப் பிடித்து, ஒரே மூட்டை இருமுறை தையுங்கள். துணி மெஷினுக்குள் இழுபட்டால் அடியில் மெல்லிய டிசு கடதாசி வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுங்கள். துண்டுத் துணியில் ஒரு சாண் தைத்து, இழுத்துப் பார்த்த பின்பே உடுப்பில் கைவையுங்கள்.

இலாஸ்டிக் வைத்த பாவாடை

உதாரண அளவு: இடுப்பு 34, ஹிப் 40, நீளம் 38 அங்குலம். உங்கள் அளவை அதே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். 60 அங்குல அகலத் துணியில் ஒன்றேகால் யார் போதும்.

துணியின் இரு கரைகளையும் நடுவில் சந்திக்குமாறு மடியுங்கள். இப்போது இரு பக்கமும் மடிப்பு வரும். ஒரு மடிப்பில் முன்பக்கம், மறு மடிப்பில் பின்பக்கம். அதிகம் நீளும் திசை உடம்பைச் சுற்றி வரவேண்டும். மேலிருந்து கீழாக அல்ல. மடிப்பிலிருந்து அளக்க வேண்டியவை, தையல் விளிம்பு அரை அங்குலமும் சேர்த்து:

இடுப்புக் கோடு: ஹிப்பில் நாலிலொன்றுடன் 1 (11 அங்குலம்)
அதற்கு 8 அங்குலம் கீழே, ஹிப் கோடு: நாலிலொன்றுடன் 2 (12 அங்குலம்)
கீழ் விளிம்பு: நாலிலொன்றுடன் 5 (15 அங்குலம்)

துணியின் அகலம் போதாவிட்டால் கீழே 5க்குப் பதில் 4 கூட்டுங்கள். இடுப்புக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அங்குலம் நேராக விடுங்கள். அது இலாஸ்டிக் செல்லும் மடிப்பு. கீழே 1 அங்குலம் விடுங்கள்.

இரு பக்கங்களையும் மூட்டுங்கள். மேல் விளிம்பை ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து, இலாஸ்டிக் புக இடைவெளி விட்டுத் தையுங்கள். ஓரம் பிரியாதாகையால் இரட்டை மடிப்புத் தேவையில்லை. ஒரு அங்குல அகல இலாஸ்டிக்கை இடுப்பளவில் 2 அங்குலம் குறைத்து, இணைப்பதற்கு 1 அங்குலம் கூட்டி, அதாவது 33 அங்குலம் வெட்டிக் கோத்து இணையுங்கள்.

கீழ் மடிப்பைத் தைக்க அவசரப்படாதீர்கள். பாவாடையை ஓர் இரவு இடுப்பால் தொங்கவிடுங்கள். நிட் துணி தன் பாரத்தில் சில இடங்களில் இறங்கும். காலையில் ஒழுங்காக வெட்டிச் சமப்படுத்தி, பிறகு மடித்துத் தையுங்கள்.

வீட்டுக்கு ஒரு கவுன்

உதாரண அளவு: மார்பு 40, தோளிலிருந்து நீளம் 50. 60 அங்குல அகலத்தில் ஒன்றே முக்கால் யார். முன்போலவே இரு கரைகளையும் நடுவுக்கு மடித்து, மடிப்பிலிருந்து அளவுங்கள்.

கழுத்து அகலம் மூன்றரை. அங்கிருந்து 15 அங்குலம் வரை தோளும் கையுமாக ஒரே கோடு. அதன் முனை ஒன்றரை அங்குலம் சரிந்து வரட்டும். கைமுனையின் ஆழம் ஏழரை. தோளிலிருந்து 10 அங்குலம் கீழே அக்குள். அங்கே மார்பில் நாலிலொன்றுடன் 2, அதாவது 12 அங்குலம். அக்குளை வளைவாக வெட்டுங்கள். அங்கிருந்து கீழே 15 அங்குலம் வரை சாய்கோடு. உங்கள் ஹிப் மார்பைவிடப் பெரிதானால், 12க்குப் பதில் ஹிப் அளவின்படி கணக்கிடுங்கள்.

கழுத்தின் ஆழம் பின்னால் 1, முன்னால் 4. தோள் மூட்டோடு கால் அங்குல நாடா ஒன்றையும் சேர்த்துத் தையுங்கள். அது இல்லாவிட்டால் நாளடைவில் தோள் தொய்ந்து கழுத்து அகன்றுவிடும்.

இந்தக் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். மீதியை வேறொரு துண்டிலிருந்து குழாய்போல வெட்டி மணிக்கட்டு வரை இணையுங்கள். கடும் நீலக் கவுனுக்குச் சாம்பல் நிறக் கை, பூப்போட்டதற்கு ஒற்றை நிறம் என்று பொருத்திப் பார்த்தால், துணி போதாமல் வைத்த ஒட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கழுத்துப் பட்டியையும் அதே நிறத்தில் வெட்டினால் எடுப்பாக இருக்கும்.

பட்டிக்கு, கழுத்து வளைவைச் சுற்றி டேப்பால் அளந்து, ஆறில் ஒரு பங்கு குறையுங்கள். 20 அங்குலமானால் பட்டி ஏறத்தாழ 17. அகலம் 2 அங்குலம்; இரண்டாக மடியுங்கள். பட்டியையும் கழுத்தையும் நாலு சம பாகமாகக் குண்டூசியால் அடையாளமிட்டு, பட்டியை மட்டும் இழுத்து, கழுத்தை இழுக்காமல் தையுங்கள். பட்டி படுத்துக்கொள்ளும், கழுத்து வாய் பிளக்காது.

பக்க மூட்டில் ஒரு பொக்கெட் வைக்க மறவாதீர்கள். சாவியும் போனும் வைக்க இடமில்லாமல் நாள் முழுக்கத் தேடி அலைவது நாம்தானே? பொக்கெட் பை மட்டும் நீளாத பொப்ளின் துணியாக இருக்கட்டும், பாரத்துக்குத் தொங்காது.

உடுத்திப் பாருங்கள்

கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது. கையைத் தூக்கி மேல் தட்டிலுள்ள சட்டியை எடுங்கள். குனிந்து கூட்டுங்கள். நிலத்தில் இருந்து எழும்புங்கள். வீட்டில் அதோடே தொழுவதென்றால் ருகூவுக்கும் சுஜூதுக்கும் போய்ப் பாருங்கள். கை மேலேறுகிறதா, கீழ் விளிம்பு கணுக்காலை விட்டு உயர்கிறதா, பின்புறம் ஒட்டுகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறையிருந்தால் இப்போதே சரிசெய்யலாம். பொலியெஸ்டர் நிட் காலில் ஒட்டினால், உள்ளே கொட்டன் உள்பாவாடை உடுத்தினால் போதும்.

மிஞ்சிய துண்டுகளில் சிறு பிள்ளைக்கு இலாஸ்டிக் பாவாடை வரும். இன்னும் சிறியவை அடுப்படித் துடைதுணியாகட்டும். கொட்டன் நிட் தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

சகோதரிகளே, அலுமாரியிலுள்ள மிக விலையுயர்ந்த துணியை முதலில் எடுக்காதீர்கள். மனம் பதறாமல் வெட்டக்கூடிய ஒன்றை எடுத்து, இந்த வாரமே துவைத்துப் போடுங்கள். துவைத்துக் காய்ந்த துணி கண்முன்னே இருந்தால் கத்தரிக்கோல் தானாகக் கைக்கு வரும். "வீட்டில்தானே" என்று கிழிசலை உடுத்திய நாட்கள் போதும். நாம் அதிகம் வாழும் இடம் வீடு; அங்கே உடுத்தவும் நல்லதொன்று நமக்கு வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் பழைய சாரியில் பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கும் முறையைப் பார்ப்போம்.