பனம்பழமும் விண்கல்லும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால் மட்டுமே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதை அப்பழமொழி நெடுங்காலமாக எச்சரித்து வருகின்றது. ஆயினும், டைனோசர்களின் அழிவு பற்றிப் பேச்செழும்போது இவ்வெச்சரிக்கை எளிதில் மறக்கப்படுகின்றது. “விண்கல் விழுந்தது; டைனோசர்கள் மடிந்தன” என்னும் ஒரே வரியோடு பாடம் முடிந்துவிடுகின்றது. மாணவர் அதனை வாய்பாடு போல் மனனம் செய்கின்றனர். ஆசிரியர் மதிப்பெண் வழங்குகின்றார். அவ்விடை தவறன்று. ஆனால் விடை சரியாயிருப்பதும் அது அறிவாயிருப்பதும் ஒன்றல்ல. ஏன் சரி என்று சொல்லத் தெரியாதவன் கூறும் விடைக்கும் காக்கைக் கதைக்கும் வேறுபாடு யாது?

ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தின் முடிவில், உலகில் வாழ்ந்த உயிரினங்களுள் சுமார் முக்கால் பங்கு அற்றுப்போயிற்று. நிலத்தில், பறவைகள் என்னும் கிளை ஒழிய, ஏனைய டைனோசர்கள் யாவும் மறைந்தன. கடலில், சுருளோடு தாங்கிய அம்மோனைட்டுகளும் மிதவை நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவும் மறைந்தன. முதலையும் ஆமையும் தவளையும் சிறிய பாலூட்டிகளும் பிழைத்தன. இப்பேரழிவுக்குக் காரணம் என எதனை முன்வைத்தாலும் அது மூன்று வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். ஏன் அப்போது? ஏன் உலகெங்கும்? ஏன் சில மட்டும் பிழைத்தன?

இம்மூன்று வினாக்களின் முன் நிற்கமாட்டாமல் வீழ்ந்த கருத்துகள் பல. சிறிய பாலூட்டிகள் டைனோசர்களின் முட்டைகளைத் தின்று தீர்த்தன என்றனர் சிலர். அங்ஙனமாயின், கடலில் வாழ்ந்த அம்மோனைட்டை அழித்தது யார்? இனம் மூப்படைந்து தானே மாய்ந்தது என்றனர் வேறு சிலர். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற எண்ணற்ற இனங்கள் ஒரே காலத்தில் மூப்படைவது எங்ஙனம்? அருகிலிருந்த விண்மீன் ஒன்று வெடித்தது என்ற கருத்தோ, சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு சான்றைக் கேட்டது. அவ்வளவில் அது முன்னவற்றினும் மேலானது.

சோதனையும் வந்தது. இத்தாலியின் குப்பியோ என்னும் ஊரின் அருகே, கிரெட்டேசியக் காலத்தின் முடிவைக் காட்டும் பாறை எல்லையில் ஒரு சென்டிமீட்டர் அளவே தடித்த களிமண் படிவு ஒன்று உண்டு. அது படிய எத்துணைக் காலம் ஆயிற்று என்று அளக்கவே லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் வால்டர் அல்வாரெஸ், பிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகிய நால்வரும் அதிலுள்ள இரிடியத்தை ஆராய்ந்தனர். புவியின் மேலோட்டில் மிக அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் காணப்படும் உலோகம் அது. எதிர்பார்த்ததற்கு மாறாக, அயற்படிவுகளில் உள்ளதைப்போல் சுமார் 30 மடங்கு இரிடியம் அக்களிமண்ணில் இருந்தது. டென்மார்க்கில் 160 மடங்கு; நியூசிலாந்தில் 20 மடங்கு. விண்மீன் வெடித்திருப்பின் உடன் இருந்திருக்கவேண்டிய புளூட்டோனியம்-244 காணப்படவில்லை. எனவே அவர்கள் அக்கருத்தைக் கைவிட்டு, சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் மோதியது என 1980ஆம் ஆண்டில் எழுதினர்.

“மோதியது உண்மையாயின் பள்ளம் எங்கே?” என்று எதிர்ப்பாளர் கேட்டனர். அது நியாயமான கேள்வி. மெக்சிகோவின் யுக்கத்தான் தீபகற்பத்தில் எண்ணெய் வளம் தேடிய அளவைகளில் வட்டவடிவான அமைப்பு ஒன்று புலப்பட்டதை கிளென் பென்பீல்டும் அந்தோனியோ கமார்கோவும் 1981இலேயே கூறியிருந்தனர், கேட்டோர் சிலரே. 1991இல் அது கேள்விக்குரிய பள்ளமே என ஆய்வாளர் நிறுவ முற்பட்டனர். சிக்சுலூப் எனப்படும் அதன் குறுக்களவு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பெருமோதலின் அதிர்ச்சியால் மட்டுமே உண்டாகும் வரிகளைத் தாங்கிய குவார்ட்சுத் துகள்களும் அக்காலப் படிவுகளில் கிடைத்தன. “அப்போது”, “உலகெங்கும்” என்னும் இரு வினாக்களுக்கும் இங்ஙனம் விடை கிட்டியது.

மூன்றாம் வினாவே அரியது. பாடத்தில் விடுபடுவதும் அதுவே. விண்கல் விழுந்த இடத்தில் கந்தகம் செறிந்த பாறைகள் இருந்தன. அவை ஆவியாகி எழுந்த கந்தகமும், தூசியும், கரிப்புகையும் கதிரவனை மறைத்தன. பசுந்தாவரமும் கடலின் மிதவை நுண்ணுயிர்களும் உணவாக்க இயலாது நின்றன. அவற்றைத் தின்றவை மடிந்தன. தின்றவற்றைத் தின்றவையும் மடிந்தன. மட்கிய பொருளை நம்பிய நன்னீர் உயிர்களும் சிற்றுணவால் காலந்தள்ளவல்ல சிற்றுயிர்களும் தப்பின. தமிழகத்தின் அரியலூர் வட்டாரப் பாறைகளே இதற்கொரு சான்று. அங்குள்ள கிரெட்டேசியப் படிவுகளில் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. அவற்றின் மேலமைந்த நினியூர்ப் படிவில் நாட்டிலஸ் குடும்பத்து ஓடு உண்டு, அம்மோனைட்டு இல்லை. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை. கடல் மேற்பரப்பில் மிதவை உயிர்களோடு வாழ்ந்தவை. நாட்டிலஸின் குஞ்சோ பெரிய முட்டையில் வளர்ந்து ஆழ்நீரை நாடுவது. மேற்பரப்பு உணவு அற்றபோது ஒன்று அழிந்ததும் ஒன்று எஞ்சியதும் இதனால் ஆகலாம் என்பர்.

இனி, மறுபுறத்தார் வாதத்தையும் கேட்டல் வேண்டும். அதே காலத்தில் இந்தியாவின் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. இன்றும் சுமார் ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியிருக்கின்றது. அதுவே காரணம் என வின்சென்ட் கூர்த்தியோவும் கெர்ட்டா கெல்லரும் வலியுறுத்தினர். இது வீண்வாதமன்று. ஆயினும் எரிமலையால் அதிர்ச்சி வரிகள் தாங்கிய குவார்ட்சை விளக்க இயலவில்லை. எரிமலை வளியால் நேர்ந்த வெப்பமும் அழிவுக்கு முன்பே தணிந்தமையைக் கடற்படிவுகள் காட்டுகின்றன. 2010இல் 41 அறிஞர்கள் சான்றுகளைத் தொகுத்து விண்கல்லின் பக்கமே தீர்ப்புரைத்தனர். எரிமலை எத்துணைத் துணை செய்தது என்பதே எஞ்சிய வழக்கு.

இவ்வழக்கைக் காட்டி, “அறிஞர்க்குள்ளேயே ஒற்றுமையில்லை, ஆகவே ஒன்றும் தெரியாது” என்று கைகழுவுவோர் உளர். வாய்பாட்டுக்காரரினும் இவர்கள் தீங்கானவர்கள். சான்றை முன்வைத்து நிகழும் பூசல் அறியாமையின் அடையாளமன்று. அறிவு வளரும் முறையே அது. புளூட்டோனியம் இல்லையென்று கண்டதும் ஒரு கருத்து கைவிடப்பட்டதே, அந்நேர்மை இவர்கள் கண்ணில் படுவதில்லை.

வாய்பாடு எத்துணைப் பயனற்றது என்பதை இன்னொரு பேரழிவு காட்டும். சுமார் 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் இறுதியில், இதனினும் கொடிய அழிவு நேர்ந்தது. அங்கே உறுதியான மோதற்பள்ளம் இல்லை. சைபீரியாவில் பொங்கிய எரிமலைக் குழம்பும், அது வெளிவிட்ட கரிவளியால் வெம்மையுற்று உயிர்வளி குன்றிய கடலுமே காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. “விண்கல்” என்று மட்டும் மனனம் செய்த மாணவன் இங்கே பிழையாக விடையிறுப்பான். அதனினும் பெரும்பிழை ஒன்றும் அவனுக்கு நேரும். அழிவு என்பது வானிலிருந்து ஒரே நாளில் வருவது என்று நம்புகின்றவன், புகைபோக்கிகளிலிருந்து ஆண்டுதோறும் எழும் கரிவளி காற்றிலும் கடலிலும் சேர்ந்துவருவதை ஒரு பொருட்டாக எண்ணான்.

ஆகவே, “டைனோசர்கள் எதனால் அழிந்தன?” என்னும் வினாவோடு “அஃது எவ்வாறு அறியப்பட்டது?” என்னும் வினாவும் தேர்வுத்தாளில் இடம்பெறல் வேண்டும். அதற்கு மாணவர் அரைப்பக்கம் எழுதட்டும், தடுமாறியேனும் எழுதட்டும். காக்கை பறந்ததும் பழம் விழுந்ததும் எவர் கண்ணுக்கும் தெரியும். பழத்தின் காம்பு முன்பே பழுத்திருந்ததா என்று மரமேறிப் பார்க்கக் கற்பிப்பதே கல்வி.