நடுத்தர வீட்டுச் சுவரில் ஓர் அசல் ஓவியம்

கையால் வரைந்த ஓவியங்கள், அசல் அச்சோவியங்கள், சிற்பங்கள் ஆகியவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆண்டு மார்ச்சில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்திரை’ ஓவியம் நியூயார்க்கில் சுமார் 118 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. தலைப்புச் செய்தியானது இந்த ஏலம்தான். ஓவியம் வாங்குவது கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் அதனால் வலுப்பட்டது. ஆனால், 1954இல் அந்த ஓவியத்தை வாங்கியவர், உலக சுகாதார நிறுவனப் பணிக்காக டெல்லி வந்திருந்த மருத்துவர் ஒருவர்.

வரிக்குறைப்பால் யாருக்குப் பயன்? 10,000 ரூபாய் ஓவியத்துக்குக் காட்சிக்கூடத்தில் 1,200 ரூபாயாக இருந்த வரி, இப்போது 500 ரூபாய். வரவேற்கத்தக்க மாற்றம்தான். எனினும், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாமல் மாநிலத்துக்குள்ளேயே விற்கும் ஓவியர், இந்த வரிக்குப் பதிவு செய்துகொள்ளவே தேவையில்லை. இளம் கலைஞர்களில் மிகப் பலர் இந்த வரம்புக்குள் அடங்குபவர்கள். ஆகவே, முதன்முறை வாங்குபவருக்குத் தடையாக இருந்தது வரி அன்று. எங்கே செல்வது, எதைக் கேட்பது என்று தெரியாத தயக்கமே என்பது என் கருத்து.

வடசென்னைவாசியான எனக்கு இந்தத் தயக்கம் அந்நியமானதல்ல. காசிமேட்டின் விசைப்படகுகள், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த எண்ணூர்க் கழிமுகம் என எங்கள் பகுதி கலைஞர்களுக்கு ஓயாமல் காட்சி தருகிறது. எண்ணூர் மீனவர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் படமெடுத்துவரும் ஒளிப்படக் கலைஞர் எம். பழனிகுமார், அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கற்றுக்கொடுக்கிறார். ஆனால், சென்னையின் காட்சிக்கூடங்கள் பெரும்பாலும் நகரின் மையத்திலும் தெற்கிலுமே இருக்கின்றன. ராயபுரமும் திருவொற்றியூரும் படத்துக்குள் இருக்கின்றன. படம் தொங்கும் சுவர் வேறெங்கோ இருக்கிறது.

வாங்குவோர் இல்லாத குறை புதியதல்ல. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்கள், ஓவியத்தை மட்டுமே விற்று வாழ முடியாது என்பதை உணர்ந்திருந்தனர். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே தங்களுக்கான நிலத்தை வாங்கினர். அன்றைய நடுத்தர வர்க்கம் ஆளுக்கொரு ஓவியம் வாங்கியிருந்தால், அவர்களில் பலருக்கு வரைவதற்குக் கூடுதல் நேரம் கிடைத்திருக்கும்.

குறைந்த வருவாயில் சேகரிக்க இயலுமா? நியூயார்க்கின் ஹெர்பர்ட், டோரதி வோகல் தம்பதியே சான்று. கணவர் அஞ்சலகப் பணியாளர், மனைவி நூலகர். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடத்தி, கணவரின் சம்பளத்தில் படைப்புகளை வாங்கினர். விலை கைக்கு எட்ட வேண்டும், சிறிய அடுக்ககத்தில் இடம் கொள்ள வேண்டும் என்பவையே அவர்களது நிபந்தனைகள். 1992இல் அச்சேகரிப்பு அமெரிக்கத் தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடையத் தொடங்கியது.

இங்கே தொடங்க விரும்புவோருக்கு அச்சோவியம் நல்ல வாயில். மரத்திலோ லினோலியத்திலோ உலோகத் தகட்டிலோ செதுக்கிக் கலைஞரே எடுக்கும் பிரதிகள் இவை. கீழே பென்சிலால் ‘3/20’ என்றிருந்தால், இருபது பிரதிகளில் மூன்றாவது என்று பொருள். கையொப்பமும் இருக்க வேண்டும். ஓவியத்தை ஸ்கேன் செய்து அச்சிட்ட நகல் வேறு, இது வேறு. 1850இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் மாணவர் கண்காட்சிகளும், கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் கண்காட்சிகளும் வடசென்னைவாசிக்கு எட்டாத தொலைவில் இல்லை. சில ஆயிரம் ரூபாயிலேயே ஒரு சிறிய படைப்பு அமையக்கூடும். சட்டமிடும் செலவையும் முன்கூட்டியே கணக்கில் கொள்வது நல்லது.

வாங்கும்போது ரசீதும், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு குறித்த கலைஞரின் சான்றும் அவசியம். ஓவியத்தை வாங்குவதால் பதிப்புரிமை நமக்கு வந்துவிடாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, பின்னாளில் அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் கலைஞருக்கோ வாரிசுக்கோ 10 விழுக்காடு வரை பங்கு கோர உரிமை உண்டு. படைப்பு கைமாறிய தடத்துக்குச் சான்று இல்லாவிட்டால் அந்த உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். ரசீது வாங்குபவருக்கு மட்டுமல்ல, வரைந்தவருக்கும் பாதுகாப்பு.

அரசுக்கும் பங்கு உண்டு. பெங்களூருவில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்தும் ‘சித்ர சந்தை’யில், சாலையோரத்திலேயே ஓவியரிடம் பேசி, சில நூறு ரூபாய் முதல் வாங்க முடிகிறது. அத்தகைய சந்தையைத் தமிழ்நாடு அரசு ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஆண்டுக்கொரு முறையேனும் நடத்தலாம். கவின் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு அதில் இலவச இடம் ஒதுக்கலாம். துறைமுகத்தாலும் ஆலைகளாலும் நகருக்குப் பொருள் சேர்த்துக்கொடுத்த மக்கள், தங்கள் கடலையும் உழைப்பையும் வரைந்த படங்களைத் தங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ள அது வழிசெய்யும்.