மிச்சக் கணக்கு மட்டும் போதுமா?

பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் தளவாடத் துறையும் விநியோகச் சங்கிலி நிர்வாகமும் படிக்கும் நம் இளையர்கள் வேலைப்பயிற்சிக்குச் செல்லும்போது, அவர்களிடம் முதலில் ஒப்படைக்கப்படும் பணி பல இடங்களில் ஒன்றுதான். எக்செல் அட்டவணையைத் திறந்து, கொள்முதல் பிரிவின் கேபிஐ எண்களை நிரப்ப வேண்டும். ஒரு பிரிவு தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதைக் காட்டும் முக்கியக் குறியீடுகளைத்தான் கேபிஐ என்கிறோம். அந்த அட்டவணையின் உச்சியில், பெரும்பாலும் தடித்த எழுத்தில், ஓர் எண் இருக்கும்: இந்தக் காலாண்டில் எவ்வளவு மிச்சம் பிடித்தோம்?

அந்த எண்ணை உச்சியிலிருந்து கீழே இறக்க வேண்டும் என்பது என் கருத்து. நீக்கிவிடச் சொல்லவில்லை. மலிவாக வாங்கத் தெரியாத நிறுவனம் நிலைக்காது. ஆனால், அது ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கும் நிறுவனம் எதைப் பார்க்கத் தவறுகிறது என்பதைச் சிங்கப்பூரில் வாழும் நாம் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது.

மிச்சம் என்ற சொல்லே சற்று வழுக்கலானது. விற்பவர் 12 வெள்ளி கேட்டார், பேரம் பேசி 10 வெள்ளிக்கு வாங்கினோம், 2 வெள்ளி மிச்சம் என்று ஒருவர் எழுதுவார். சென்ற ஆண்டு அதே பொருளை 9 வெள்ளிக்கு வாங்கியிருந்தால், உண்மையில் 1 வெள்ளி கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. இரண்டு கணக்கிலும் கூட்டல் கழித்தல் சரி. எதை எழுதுவது என்பதைப் பாராட்டுப் பெறப்போகிறவரே தீர்மானிக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பொருள் இரண்டு வாரம் தாமதமாகி, அவசரத்துக்கு வேறு சரக்கை விமானத்தில் வரவழைக்க நேர்ந்தால், அந்தச் செலவு போக்குவரத்துப் பிரிவின் கணக்கில் ஏறும். கொள்முதல் பிரிவின் மிச்சத்துக்கு ஒரு குறையும் வராது.

2022ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய வாரம் ஈரச்சந்தைகளில் வரிசை நின்றது. கோழிச்சோறு விற்பவர்கள் உறைந்த கோழிக்கு மாறுவதா, கடையை மூடுவதா என்று யோசித்தார்கள். விநியோகச் சங்கிலி படிக்கும் மாணவர் இதில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. 2021ல் நம் கோழி இறக்குமதியில் மலேசியாவின் பங்கு சுமார் 34 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குதானே, ஒரே நாட்டை அளவுக்கு மீறி நம்பவில்லையே என்று அந்த எண் ஆறுதல் சொல்லும். ஆனால், மலேசியாவிலிருந்து வந்தவை ஏறக்குறைய எல்லாமே உயிருள்ள கோழிகள். இங்கே அறுத்து, குளிர்பதனப்படுத்தி, அன்றாடம் சந்தைக்கு வந்தவை அவை. பிரேசிலிலிருந்து வந்தது உறைந்த கோழி. ‘கோழி’ என்று கணக்கெடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. ‘உயிருள்ள கோழி’ என்று கணக்கெடுத்தால் அந்நாளில் நாம் சார்ந்திருந்தது ஒரே நாட்டை. இந்த இரண்டாவது எண்ணை நம்பித்தான் கோழிச்சோற்றுக் கடைக்காரரின் பிழைப்பு இருந்தது.

எந்தக் குறியீட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, வகுக்கும் எண் எது என்பதே. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து உணவு வாங்குகிறோம் என்பது உண்மை, பெருமைக்குரியதும்கூட. அது ஒரு குறிப்பிட்ட பொருளின் ஒரு குறிப்பிட்ட வகையைப் பற்றி எதுவும் சொல்லாது. 2022 ஜூன் மாத இறுதியில் இந்தோனீசியாவிலிருந்து கோழி இறைச்சி வர சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதி அளித்தது. மலேசியாவின் உயிருள்ள பண்ணைக் கோழிகள் மீண்டும் வரத் தொடங்கியது அக்டோபரில்தான்.

அடுத்த ஆண்டு அரிசி. 2023 ஜூலை 20ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. முந்தைய ஆண்டில் நம் அரிசி இறக்குமதியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. இட்லிக்கும் பொங்கலுக்கும் தாய்லாந்து மல்லிகை அரிசி சரிப்படாது என்பதால், கவலை மற்ற வீடுகளைவிட நம் வீடுகளில் சற்று அதிகமாகவே இருந்தது. பிறகு சிங்கப்பூருக்கு 50,000 டன் அனுப்ப இந்தியா சிறப்பு அனுமதி தந்தது.

கடைகளில் பெரிய தட்டுப்பாடு வராமல் காத்ததில் இன்னொன்றுக்கும் பங்குண்டு. இங்கே அரிசி இறக்குமதி செய்பவர்கள், மாதம் கொண்டுவரும் அளவைப்போல் இரு மடங்கை அரசு நியமித்த கிடங்கில் இருப்பு வைத்திருக்க வேண்டும். பொன்னியும் புழுங்கலும் இந்த விதிக்கு உட்பட்டவை. இப்போது பாடப்புத்தகத்துக்கு வாருங்கள். சரக்கு இருப்பு ஆண்டில் எத்தனை முறை சுழல்கிறது என்பது எல்லாப் பாடத்திலும் வரும் குறியீடு. அதிகம் சுழன்றால் நல்லது, பணம் முடங்கவில்லை என்று பொருள். மாதம் 100 டன் விற்கும் அரிசி வணிகர் எப்போதும் 200 டன் இருப்பு வைத்திருந்தால், அவருடைய இருப்பு ஆண்டில் 6 முறைக்குமேல் சுழல வழியில்லை. கணக்காய்வாளர் முகம் சுளிக்கலாம். அந்த ‘மோசமான’ எண்தான் 2023 ஆகஸ்டில் நம் கடை அலமாரிகளைக் காலியாகாமல் வைத்திருக்க உதவியது. தாமதத்தின் விலை தெரியாமல் இருப்பின் விலையை மட்டும் எழுதும் அட்டவணை பாதிக் கணக்குதான்.

அப்படியானால் எதை உச்சியில் வைப்பது? ‘குறித்த நேரத்தில், முழு அளவில்’ என்ற குறியீட்டை வைக்கலாம் என்பேன். கேட்ட நாளில், கேட்ட அளவு முழுவதும் வந்து சேர்ந்த ஆர்டர்கள் நூற்றுக்கு எத்தனை என்பது அது. அமெரிக்காவின் வால்மார்ட் 2017ல் இதைத் தன் விநியோகிப்பாளர்களுக்குக் கட்டாயமாக்கி, தவறினால் சரக்கு மதிப்பில் 3 விழுக்காடு அபராதம் என்றது. 2020ல் இலக்கை 98 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அவ்வளவு கடுமை சிறு வணிகர்களை நசுக்கும், நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால், அளவிடும் முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. நேரம் தவறாமை 95 விழுக்காடு, அளவு 95, சேதமின்மை 95, ஆவணச் சரிபார்ப்பு 95 என்று நான்கு பச்சை விளக்குகளைத் தனித்தனியே காட்டினால் எல்லாம் நலமாகத் தோன்றும். நான்கிலும் ஒருசேரத் தேறிய ஆர்டர்கள் எத்தனை? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தவறுகள் என்றால், பெருக்கிப் பாருங்கள், 81 விழுக்காடுதான். ஐந்தில் ஏறக்குறைய ஒரு வாடிக்கையாளருக்கு ஏதோ ஒன்று கோளாறு.

இதிலும் ஏமாற்ற வழி உண்டு. நாம் 5ஆம் தேதி கேட்டோம், அவர் 12ஆம் தேதி தருவதாக மாற்றிச் சொன்னார், 12ஆம் தேதி வந்தது. எந்தத் தேதியோடு ஒப்பிடுவது? முதலில் கேட்ட தேதியை அட்டவணையில் அழித்துவிட்டால் எல்லாமே ‘குறித்த நேரம்’ ஆகிவிடும். சராசரியும் இப்படித்தான். நான்கு முறை வாங்கியதில் ஒருவர் 7, 7, 7, 7 நாளில் அனுப்புகிறார். இன்னொருவர் 3, 4, 6, 15 நாளில் அனுப்புகிறார். இருவருக்கும் சராசரி 7 நாள். இரண்டாமவரிடம் வாங்குகிறவர் அந்த 15 நாளுக்குத்தான் கையிருப்பு வைத்தாக வேண்டும்.

இதுவரை பொருள்கள். அதிகம் பேசப்படாத பகுதி, மனிதர்கள். பொருளுக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறோம் என்பதும் ஒரு கேபிஐதான். 30 நாள் 90 நாளாக நீண்டால் வாங்கும் நிறுவனத்தின் ரொக்க இருப்பு அழகாகத் தெரியும். அந்த 60 நாளும் ஒரு சிறு விநியோகிப்பாளர் கடன் வாங்கி ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கிறார். அவர் தாமதமாக அனுப்பினால் நம் அட்டவணையில் சிவப்பு. நாம் தாமதமாகக் கொடுத்தது அதே அட்டவணையில் பச்சை.

சேவைக் கொள்முதலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பாதுகாவல் பணியை நெடுங்காலம் ‘எத்தனை பேர் நிற்கிறார்கள்’ என்ற எண்ணிக்கையில் வாங்கினோம். தலைக்கு இவ்வளவு என்றால், யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே குத்தகை. குறைத்த வெள்ளி யாருடைய சம்பளத்திலிருந்து குறையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையில் நம் சமூகத்துப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். 2020 மே 1 முதல் அரசாங்க அமைப்புகள் தலை எண்ணிக்கையை விட்டு, விளைவை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தங்களுக்கு மாறின. கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டால், கேமராவும் பயிற்சியும் நல்ல ஓய்வும் கணக்குக்குள் வரும். எதை அளக்கிறோம் என்பதை மாற்றியதும் எதை வாங்குகிறோம் என்பதே மாறியது. தனியார் கட்டடங்கள் எல்லாம் இந்த வழிக்கு வந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை.

ஆகவே, வேலைப்பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. மிச்சம் என்ற பத்திக்குப் பக்கத்தில் மூன்று பத்திகளைச் சேர்க்க அனுமதி கேளுங்கள்: முதலில் கேட்ட தேதி, இதுவரை நேர்ந்த மிக நீண்ட தாமதம், நாம் பணம் கொடுத்த தேதி. மூன்றுக்கும் தரவு ஏற்கெனவே ரசீதுகளில் இருக்கிறது. புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எதற்கு இது என்று மேலாளர் கேட்டால் கோழியையும் அரிசியையும் உதாரணமாகச் சொல்லுங்கள்.

விரிவுரையாளர்களும் ஆண்டுதோறும் அதே வெளிநாட்டு நிறுவனங்களின் ஆய்வுக் கதைகளைக் கொடுப்பதை ஒரு பருவத்துக்கு நிறுத்திப் பார்க்கலாம். தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் அனுமதி வாங்கி, அவர் புழுங்கல் அரிசிக்கு ஆர்டர் கொடுத்த நாளையும் மூட்டை கடைக்கு வந்த நாளையும் ஓராண்டுக்கு எடுத்து எழுதச் சொல்லுங்கள். பல கடைகளில் அந்த ரசீதுக் கட்டு கல்லாப்பெட்டிக்கு அடியிலேயே இருக்கும்.