மாமை, பசலை, பேஷியல்

இலக்கியம் பேசுவோர் கூடும் இடத்தில் பேஷியலைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு முகஞ்சுளிப்பைத் தரலாம். பேச்சே முகத்தைப் பற்றியது என்பதால் அந்தச் சுளிப்பும் பொருத்தமானதே. தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் எமக்கோ இது அயலான பொருள் அன்று. அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் பசலை என்னும் ஒரு சொல்லில் நாம் இடறி நிற்கிறோம். அந்த இடறலுக்கும் அழகு நிலையத்தின் விலைப்பட்டியலுக்கும் நேரான தொடர்பு உண்டு என்பதே இங்கே நாம் சொல்ல வந்தது.

சங்க அகப்பாடல்களில் தலைவியின் இயல்பான நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் விளக்குவர். ஒளி பொருந்திய கருமை என்று கொள்வாரும் உண்டு. மாநிறத்தவளை மாயோள் என்று அழைத்த மொழி இது. தலைவன் பிரிந்துபோனால் அந்த நிறம் குன்றி வெளிறிப்போகும். மேனியில் பொன் போன்றதொரு மஞ்சள் படரும். அதுவே பசலை. அது நோய், இழப்பு, பிறர் கண்ணில் பட்டுவிடுமோ என்று தலைவி அஞ்சும் அடையாளம். குறுந்தொகையின் 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் வைக்கும் முறையீடு, மாமை அழகு இப்படிப் பசலைக்கு இரையாவதைப் பற்றியதுதான். திருக்குறளின் 119-ஆம் அதிகாரமான பசப்புறு பருவரல், பத்துக் குறள்களையும் இந்த நிறமாற்றத்தின் துயரத்துக்கே ஒதுக்குகிறது.

இதனை விளக்கும்போது ‘நிறம் வெளுத்துப் போதல்’ என்று பொருள் சொல்கிறோம். உடனே வகுப்பின் ஏதோவொரு மூலையிலிருந்து ஒரு குரல் வரும்: “வெளுத்தால் நல்லதுதானே? அதற்கு ஏன் அழவேண்டும்?” எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டவரோ பெரும்பாலும் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. ஈராயிரம் ஆண்டுகளாக நோயின் பெயராக இருந்த ஒன்று, பணம் கொடுத்து வாங்கும் சேவையாக மாறிவிட்ட காலத்தில் அந்த ஐயம் எழுவது இயல்பே.

பழைய இலக்கியம் முழுவதும் கருமையையே போற்றியது என்று நாம் சாதிக்கவில்லை. பொன்னிற மேனியைப் புகழ்ந்த புலவர்களும் இருந்தார்கள். இருந்தாலும், ஒருத்தியின் இயல்பான நிறமே குறை, அதைத் திருத்தியாக வேண்டும் என்னும் எண்ணம் கடைச் சரக்கானது அண்மைக் காலத்தில்தான். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இந்தியச் சந்தைக்கு வந்தது 1975-இல். சென்னையைச் சேர்ந்த கவின்கேர் நிறுவனம் ‘ஃபேர்எவர்’ களிம்பைக் கொண்டுவந்தது 1998-இல். ஆண்களையும் விடுவானேன் என்று 2005-இல் ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ வந்தது. கறுத்த நிறத்தவரைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் துறையின் தன்னொழுங்கு மன்றம் 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல் போய் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. இப்போது யாரும் சிவப்பழகு என்று வெளிப்படையாக விற்பதில்லை. பொலிவு, பளபளப்பு, ‘டீ-டான்’, ‘பிரைட்டனிங்’ என்கிறார்கள். சொல் மாறியது, ஆசை அப்படியே இருக்கிறது. அந்த ஆசை இன்று குடியேறியிருக்கும் இடங்களுள் முதன்மையானது, முகத்தோலின் மேலடுக்கை உரித்தெடுக்கும் சிகிச்சை.

அந்தச் சிகிச்சை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். நம் தோலின் மேற்பகுதியில் அடியடுக்கில் பிறக்கும் செல்கள், ஏறத்தாழ நான்கு வாரத்தில் மெல்ல மேலேறி, உயிரற்ற மெல்லிய தகடுகளாகி உதிர்ந்துவிடுகின்றன. உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பவற்றை அகற்றுவதே இந்தக் கலை. தேய்த்து அகற்றுவது ஒரு வழி: ஸ்க்ரப், பொடிப்படிகங்களாலோ வைரமுனையாலோ உராயும் மைக்ரோடெர்மாபிரேஷன் போன்றவை. கரைத்து அகற்றுவது இன்னொரு வழி: கெமிக்கல் பீல். கரும்போடு தொடர்புடைய கிளைக்காலிக் அமிலம், பாலோடு தொடர்புடைய லாக்டிக் அமிலம், வில்லோ மரப்பட்டையை மூலமாகக் கொண்ட சாலிசிலிக் அமிலம் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் உன்னா 1882-இலேயே இத்தகைய உரிப்பு மருந்துகளை விவரித்தார். 1974-இல் வான் ஸ்காட், யூ என்னும் இருவர் கிளைக்காலிக் முதலான பழ அமிலங்களை ஆராய்ந்து எழுதியது, மீன் செதில்போல் தோல் தடித்துப்போகும் நோய்க்கு மருந்து தேடித்தான். நோய்க்குப் பிறந்த மருந்து பிறகுதான் ஒப்பனை அறைக்கு வந்தது.

இறந்த தகடுகள் மேடும் பள்ளமுமாக இருக்கும்போது ஒளி சிதறும். முகம் மங்கித் தெரியும். அவை நீங்கினால் பரப்பு சமனாகி ஒளி சீராகத் திரும்பும். முகம் தெளிந்து தெரியும். இதில் பொய் இல்லை. அடைபட்ட துளைகள் திறக்கின்றன; முகப்பருவுக்கும் தழும்புக்கும் தேர்ந்த மருத்துவர் கையில் இது நல்ல சிகிச்சை. நம் வீடுகளிலும் இது புதிதன்று. பயற்றமாவு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, பீர்க்கங்கூடு ஆகியவையும் இதே வேலையைச் செய்தவைதாம். கல்யாணத்துக்கு முன் நலங்கு வைக்கும் மரபில் தோலைத் துலக்குவதும் அடங்கும்.

நிறத்தின் கதையோ வேறு. நிறம் தரும் மெலனின் உருவாவது அடியடுக்கில். அதைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை வெளுத்தவரிடமும் கறுத்தவரிடமும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமித் துகள்களின் அளவிலும் பரவலிலும்தான் வேறுபாடு. மேலே தூசு தட்டுவதால் கீழே பட்டறை மூடப்படுவதில்லை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. தோல் புண்பட்டால், சூடுபட்டால், அழற்சி கண்டால், அந்தப் பட்டறை முன்னிலும் வேகமாக இயங்கும். ஆறிய இடத்தில் கரும்படலம் தங்கிவிடும். இது எந்தத் தோலிலும் நேரலாம்; மெலனின் மிகுந்த தோலில் கூடுதலாக நேரும், நெடுநாள் தங்கும். வெளுக்கப் போனவரே கறுத்துத் திரும்பும் இந்த முரணைத் தோல் மருத்துவம் நன்கறியும். ஆகவேதான் நம் போன்ற நிறத்தவர்க்கு எந்த அமிலம், எவ்வளவு அடர்த்தி, எத்தனை நிமிடம் என்பதில் மருத்துவர்கள் அத்தனை எச்சரிக்கை காட்டுகிறார்கள்.

இந்த முரண் யார் தலையில் விழுகிறது என்பதைக் காண ஆடலூர் மலைக்குப் போவோம். திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில், பன்றிமலையை அடுத்த ஊர் அது. அராபிகா காப்பி விளையும் உயரம். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் அதே மலையில் தாண்டிக்குடியில்தான் இருக்கிறது. காப்பி, மிளகு, 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி மலைவாழை, சௌசௌப் பந்தல் என்று அங்கே வேலை முழுவதும் வெட்டவெளியிலும் மரநிழலிலும் நடக்கிறது. அந்த உயரத்தின் குளிரில் வெயில் உறைப்பதே தெரியாது. ஆனால் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர்கள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகின்றன. சூடு தெரியாமலே சுடுகிற வெயில் அது. தோல் உரிந்த முகத்துக்கு அதைவிடப் பகை வேறில்லை. பழ அமிலம் பட்ட தோல் புற ஊதாக் கதிருக்கு எளிதில் இலக்காகிறது என்பது ஆய்வுகளில் உறுதியானது. பயன்பாட்டை நிறுத்திய பின்னும் ஒரு வாரம் வரை வெயிலிலிருந்து காத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி அந்த மலையைச் சேர்ந்தவள். தை மாதத்தில் கல்யாணம். மார்கழியில் சமவெளியில் ஓர் அழகு நிலையத்துக்கு அழைத்துச் சென்று, மணப்பெண் பேக்கேஜ் என்ற பெயரில் பீல் செய்தார்கள். எந்த அமிலம் என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. வெயிலில் போகக்கூடாது என்றும் சொல்லப்படவில்லை, சொல்லியிருந்தாலும் பயனில்லை. மார்கழி, காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டில் எல்லோரும் தோட்டத்தில் நிற்க, இவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாது. கல்யாணத்தன்று இரு கன்னங்களிலும் திட்டுத் திட்டாகக் கருமை. பூச்சு அதை மறைத்தது. அது மறைய மாதங்கள் ஆயின. எம்மை வருத்தியது திட்டு அன்று, அவள் சொன்ன காரணம்: “என் கறுப்பு எந்த மருந்துக்கும் மசியாத கறுப்பு.” பிழை செய்தது அமிலமும் அவசரமும், குற்றம் சுமந்தது நிறம்.

எம் எதிர்ப்பு இந்த இடத்தில்தான். குளிரூட்டிய அறையில் வேலை, மூடிய வண்டியில் பயணம், நாளும் இருமுறை சன்ஸ்கிரீன் என்று வாழ்பவர்க்கு இச்சிகிச்சை பெரும்பாலும் தீங்கின்றி முடியும். பறிப்புக்கும் களைக்கும் போகிற முகத்துக்கு அந்த வாழ்வு வாய்ப்பதில்லை. ஆனால் வெளுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி அந்த முகத்தின்மேல்தான் மிகுதியாக ஏற்றப்படுகிறது. பெண் பார்க்க வருகிறவர்களின் கண் ஏற்றுகிறது. மணமகள் தேவை விளம்பரம் ஏற்றுகிறது. வீட்டாரின் பேச்சும் ஏற்றுகிறது. யாருக்கு இடர் மிகுதியோ அவருக்கே ஆசை மிகுதியாக விற்கப்படுகிறது.

அழகு என்பது அவரவர் விருப்பம், அதில் தலையிட நீங்கள் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முகத்தைத் துலக்கிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. பார்லரில் ஒரு மணிநேரம் கண்மூடிக் கிடப்பது, வாரமெல்லாம் உழைக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் அரிய ஓய்வாகவும் இருக்கலாம். அங்கே வேலை செய்வோரும் உழைக்கும் பெண்களே. அவர்கள் பிழைப்பை நாம் பழிக்கவில்லை. விருப்பம் என்று சொல்ல வேண்டுமானால் தெரிந்து விரும்பியிருக்க வேண்டும். தன் முகத்தில் பூசப்படும் பொருளின் பெயரே தெரியாதவர் எதைத் தேர்ந்தெடுத்தார்?

ஆகவே நாம் வேண்டுவது தடையை அன்று, வெளிச்சத்தை. அமிலத்தின் பெயரையும் அடர்த்தியையும் விலைப்பட்டியலிலேயே எழுதட்டும். அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களை ஆராயும் வல்லுநர் குழு 1998-இலேயே ஓர் அளவு சொல்லியிருக்கிறது: வீட்டில் பயன்படுத்தும் பொருளில் கிளைக்காலிக் அமிலம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பயிற்சி பெற்றோர் கையாளும் பார்லரில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இரண்டிலும் அன்றாட வெயில் காப்பு பற்றிய அறிவுரை சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவை மருத்துவர் கைக்கே உரியவை. மருத்துவ மேற்பார்வையின்றி பீல் மருந்துகளை வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024-இல் வெளிப்படையாக எச்சரித்தது. இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதாம்: இது என்ன அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நாள் வெயிலில் போகக்கூடாது? மூன்றாவது விடைக்கும் தன் வேலைக்கும் ஒத்துவராதென்றால் எழுந்து வந்துவிடலாம். முகத்தில் உண்மையாகவே நோய் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு இருக்கிறது. திண்டுக்கல்லிலும் அத்தகைய கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டுவிட்டது.

இயற்கை வைத்தியம் என்று எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்குவோர்க்கும் ஒரு சொல். எலுமிச்சையின் சாறும் அமிலமே. அதன் தோலிலுள்ள சில வேதிப்பொருள்கள் வெயிலோடு சேர்ந்தால் கொப்புளத்தையும் நெடுநாள் கருமையையும் தரும். காப்பித் தூளை முகத்தில் அழுத்தித் தேய்ப்பதும் மென்மையான செயலன்று. மலையில் விளைந்தது என்பதாலேயே எதுவும் தோலுக்கு உறவாகிவிடாது. பயற்றமாவு போதும், அதையும் மெல்லத் தேய்த்தால் போதும்.

இனி மொழிக்கு வருவோம், அது எம் தொழில். மாநிறம் என்ற சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. எந்த நிலையில் இருக்கிறது? “பொண்ணு மாநிறந்தான்” என்கிறார்கள். அந்தத் ‘தான்’ ஒரு மன்னிப்பு. நகையும் சீரும் சற்றுக் கூடுதலாகத் தருகிறோம் என்பதற்கான முன்னுரை. கவின் என்ற சொல்லோடு சேர்ந்து வந்த மாமை, இன்று தாழ்ந்த குரலில் ஒப்புக்கொள்ளும் குறையாகிவிட்டது. ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்னும் பழமொழியும் ஆறுதல் சொல்லவே பயன்படுகிறது. தோல் உரிந்தால் நான்கு வாரத்தில் வளர்ந்துவிடும். சொல்லின் பொருள் உரிந்துபோனால் மீண்டும் வளர்வது அத்தனை எளிதன்று.

அடுத்த முறை வகுப்பில் அந்தக் கேள்வி எழும்போது சிரித்துக் கடந்துவிடக் கூடாது என்று தமிழாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பாடத்தை நிறுத்திவிட்டு, வெளுப்பது ஏன் அன்று நோயாக இருந்தது, இன்று யாருடைய ஆதாயத்துக்காக மருந்தாயிற்று என்று பேசுவோம். பெண் பார்க்கும் வீடுகளில் நாமும் விருந்தினராக அமர்கிறோம். அங்கே ‘மாநிறம்’ என்று சொல்லி நிறுத்துவோம், ‘தான்’ வேண்டாம்.