அஞ்சு வருசம் யாருடையது?

மாலைதீவில் ஆசிரியர் வேலை என்றதும் எங்கட ஆக்கள் கேட்கிற முதற் கேள்வி, "எவ்வளவு தருவாங்கள்?" அடுத்தது, "டொலராத் தருவாங்களோ, அந்த நாட்டுக் காசாத் தருவாங்களோ?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் சின்னப் பிள்ளையோடு போகிற குடும்பம் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கவேண்டும். "வேலை ஒராளுக்கு. மற்ற ரெண்டு பேரும் அங்க போய் என்ன செய்யப் போறம்?"

நான் அந்த மற்ற இரண்டு பேரில் ஒருவன். மனைவி கணித ஆசிரியை. ஊரில் அரச பாடசாலையில் படிப்பித்தவ, இப்போது தெற்கு அட்டோல் ஒன்றில் ஒரு சின்னத் தீவில் படிப்பிக்கிறா. தங்கிவாழ்வோர் விசாவில் வந்த நான் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. மகன் இந்த வருசம் ஆறரை வயதைத் தாண்டுகிறான்.

வெளிநாட்டுக்குப் படிப்பிக்கப் போவது எங்களுக்குப் புதிதல்ல. 1976இல் நைஜீரியா எல்லோருக்கும் ஆரம்பக் கல்வி என்று எண்ணெய்க் காசில் திட்டம் தொடங்கியபோது ஆசிரியர்களுக்குப் பெருந்தட்டுப்பாடு வந்தது. அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து நிறையத் தமிழ்ப் பட்டதாரிகள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனார்கள். 80களின் நடுவில் எண்ணெய் விலை விழ, நைராவின் பெறுமதியும் விழ, பலர் திரும்பினார்கள், சிலர் அப்படியே வேறு நாடுகளுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி ஊரில் கேட்ட கதையெல்லாம் கட்டின வீடும் கொடுத்த சீதனமும்தான். கூடப்போன மனிசிமார் அங்கே பகல் முழுக்க என்ன செய்தார்கள், பிள்ளைகள் எந்த மொழியில் விளையாடினார்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2022 நெருக்கடியில் அரசாங்கம் 14/2022 சுற்றறிக்கையை வெளியிட்டது. அரச ஊழியர்கள் சம்பளமில்லாத விடுமுறையில் 5 வருடம் வரை வெளிநாடு போகலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்றது. கையில் பிடிக்கிற சம்பளம் பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் பத்தாத நேரத்தில் அது பெரிய உதவிதான், நாங்களும் அதில்தான் வந்தோம். ஆனால் அந்த 5 வருடத்தைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒருக்கா எண்ணிப் பாருங்கள். இலங்கையில் ஆரம்பக் கல்வி தரம் 1 முதல் தரம் 5 வரை. அதுவும் சரியாக 5 வருடம்தான். தாயின் சேவை மூப்பு அப்படியே இருக்கும், பிள்ளை தன் மொழியில் எழுத்தும் வாசிப்பும் பழகவேண்டிய காலம் முழுதும் போயிருக்கும். என்ர கணக்கும் அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. கிளிநொச்சியில் ஒரு கட்டட நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கதிரையில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

வேலை சீக்கிரம் பழகிவிடும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. பாடசாலை ஆங்கில மொழிமூலம், மேல் வகுப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் பரீட்சை. கணிதம் எங்கும் கணிதம்தான். வெளிநாட்டு ஆசிரியர்களில் இந்தியர்தான் கூட, அதனால் ஆசிரியர் அறையிலும் தனிமை இல்லை. வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிறு பள்ளிக்கூடம் என்பதற்கு உடம்பு பழக ஒரு மாதம் போதும்.

வீடு பழகத்தான் காலம் எடுக்கும். மக்கள் வாழ்கிற தீவுகள் சுமார் 190, எங்களுடையதை அரை மணித்தியாலத்தில் நடந்து சுற்றிவிடலாம். மரக்கறி கப்பலில் வரவேண்டும். கடல் குழம்பினால் உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான். பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சலென்றால் தீவிலேயே பார்க்கலாம், அதற்கு மேலே போனால் ஸ்பீட் போட் பிடிக்கவேண்டும். கோயில் இல்லை. மற்ற மதங்களைப் பொதுவெளியில் கடைப்பிடிக்கச் சட்டம் இடம்தராது, வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரவும் தடை. அது அவர்களின் நாடு, தெரிந்துதான் வந்தோம். ஆனால் ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் கோயில் என்று வளர்ந்த பிள்ளைக்கு இங்கே வெள்ளிக்கிழமை கடற்கரை. பொங்கல் அவனுக்கு ஒரு சக்கரைச் சோறு மட்டும்.

நல்லதும் இருக்கிறது. பின்னேரம் பிள்ளையைத் தெருவில் விளையாட விடலாம். பக்கத்து வீட்டம்மா காலையில் மஸ்ஹுனி அனுப்புவா, மாசியும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுப் பிசைந்தது. எங்கட மாசிச் சம்பலின் சொந்தக்காரச் சாப்பாடு.

அங்கேதான் மகனின் கதை தொடங்குகிறது. ஆறு மாதத்தில் அவனுக்குத் திவெஹி ஓடத் தொடங்கிவிட்டது. அது சிங்களத்துக்குக் கிட்டிய மொழி, எண்களைக் கேட்டாலே தெரியும். வகுப்பில் ஆங்கிலம், தெருவில் திவெஹி. தமிழ் எங்கள் இரண்டு அறைக்குள்ளே. மூன்று மொழி கேட்டு வளர்வது பிள்ளைக்குக் கொடைதான், அதை நான் குறை சொல்லவில்லை. கதைக்கிற தமிழும் போகாது. போவது எழுத்து. அதற்காகத் தினமும் ஒரு மணித்தியாலம் அவனோடு இருக்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தரம் 1, தரம் 2 புத்தகங்கள், கொப்பி, பென்சில். ஒருநாள் ல, ள, ழ என்று சண்டை, அடுத்தநாள் தானே ஒரு கதையை வாசித்துச் சிரிப்பான்.

ஊரிலிருந்து போன் எடுப்பவர்கள், "அப்ப நீர் சும்மாவோ இருக்கிறீர்?" என்று கேட்கிறார்கள். ஆம்பிளை என்றபடியால் என்னிடம் அதையாவது கேட்கிறார்கள். இதே அட்டோலில் கணவன்மாரோடு வந்திருக்கிற மனிசிமாரை யாரும் கேட்பதில்லை. அவர்களில் ஒரு தாதியும், வங்கியில் வேலைசெய்த ஒருவரும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது அவர்களுக்கு இயல்பு என்று எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர் முதல் வருசம் தாக்குப்பிடிப்பது வீட்டில் இருக்கிறவரின் தயவில்தான். அந்த உழைப்புக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

அதனால் போக நினைக்கிறவர்களுக்குச் சொல்வது: கையெழுத்து வைக்க முதல் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கொடுப்பனவு ஒராளுக்கா, குடும்பத்துக்கா? பயணச் சீட்டு யார் யாருக்கு? குடும்ப விசா எந்த மாதம்? எங்களை அனுப்பிய முகவர் "அதைப் பிறகு பாப்பம்" என்றார், அந்தப் பிறகு நாலு மாதம் கழித்து வந்தது. அதுவரை மகன் தாயைப் போனில் பார்த்தான். சம்பளம் ருஃபியாவில் என்றால் டொலருக்கு 15.42 என்ற உத்தியோகபூர்வ விலையில் மட்டும் கணக்குப் போடாதீர்கள். வங்கியில் டொலர் கிடைப்பது கஷ்டம், வெளியில் விலை கூட. கடைசியாக, கூட வருகிறவர் என்ன செய்யப் போகிறார் என்பதற்கு வீட்டில் இருந்து ஒரு பதிலை எடுத்துக்கொண்டு போங்கள். இணையவழிப் படிப்போ, வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்ப்பதோ, எதுவாயினும் அவரே சொன்னதாக இருக்கட்டும்.

"வன்னிப் பள்ளிக்கூடங்களில் கணித ரீச்சர் இல்லாமல் கிடக்க, நீங்கள் அங்க போய்ப் படிப்பிக்கிறியள்" என்கிற கதையும் வரும். அது எனக்கு நோகும், ஏனென்றால் பொய்யில்லை. வீட்டுக்கடன் என்பதும் பொய்யில்லை. திரும்பிப் போவோம் என்பதைத்தான் நான் பதிலாக வைத்திருக்கிறேன், எப்போது என்பதுதான் வீட்டில் நடக்கிற விவாதம்.

இந்த மாதம் மனைவியிடம் அடுத்த இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தக் கடிதம் வந்திருக்கிறது. கையெழுத்து வைத்தால் முடியும்போது மகனுக்கு எட்டரை, ஊரில் தரம் 4. சுற்றறிக்கை தருகிற 5 வருடத்தையும் முழுதாக எடுத்தால் ஒன்பதரை, புலமைப்பரிசில் வருசத்தின் நடுவில் போய் இறங்குவான். புலமைப்பரிசில் இல்லாவிட்டால் உலகம் அழியாது. ஆனால் கூடப்படிக்கிற எல்லோரும் சரளமாக வாசிக்கிற வகுப்பில், எழுத்துக் கூட்டிக்கொண்டு இருக்கப்போவது அவன்தான். மனைவி, "அஞ்சு வருசமும் இருந்தாத்தான் கடன் முழுக்க முடியும்" என்கிறா. அவ சொல்வது சரியான கணக்கு. என்ர நிலைப்பாடு, இந்த ஒப்பந்தத்தோடு நிறுத்துவோம், மிச்சக் கடனை ஊரில் இருந்து நான் உழைத்துக் கட்டுவேன் என்பது. கடிதம் மேசையில் கிடக்கிறது, பதில் கொடுக்க இன்னும் பத்து நாள்.