தகுதி யாருக்காக?

பிறப்பா, தகுதியா என்ற சண்டை பண்டைய சீனாவிலேயே நடந்திருக்கிறது.

ஏழை மாணவர்களுக்கும் கற்பித்தவர் கன்பூசியஸ். ஆனால் அவர் மரபு அன்பையே படிநிலையாக்கியது: முதலில் பெற்றோர், பிறகு உறவினர், அதன்பின்தான் பிறர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் மோட்ஸி இதை மறுத்தார். என் வீடு, என் நாடு என்ற பாகுபாடே கேடுகளுக்கு வேர் என்றார். திறமையிருந்தால் உழவரையும் கைவினைஞரையும் பதவியில் அமர்த்தச் சொன்னார். ஆடம்பர ஈமச்சடங்குகளும் மூன்றாண்டுத் துக்கமும் மக்களை வறுமையில் தள்ளுகின்றன என்றார். எல்லோரையும் சமமாக நேசிப்பது தந்தையையே மறுப்பது, அது விலங்கு நிலை என்று பின்னாளில் சீறினார் கன்பூசியவாதி மென்சியஸ்.

சட்டவாதியான ஷாங் யாங்கும் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சின் நாட்டில் பரம்பரைச் சலுகைகளை வெட்டினார். போர்க்களத்தில் சாதித்தவருக்கே பட்டம். அரச குடும்பத்துக்கும் விலக்கில்லை. கூடவே வீடுகளை ஐந்தைந்தாகப் பிணைத்து, ஒருவர் குற்றத்துக்கு அண்டை வீட்டாரையும் பொறுப்பாக்கினார்.

மேலிடத்துக்குக் கீழ்ப்படியச் சொன்னவர்தான் மோட்ஸியும். ஆனாலும் அவருடைய அளவுகோல் மக்கள் நலன். ஷாங் யாங்கின் அளவுகோல் அரசின் வலிமை. பிறப்புரிமையை இருவருமே உடைத்தார்கள். விடுதலைக்கு அது மட்டும் போதாது. ‘தகுதி, திறமை’ என்று யார் முழங்கினாலும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: அதை அளப்பது யார், யாருடைய நன்மைக்காக?