சக்கரவர்த்தியின் முகத்தில் ஒரு வெட்டு

அவனியாபுரத்திலிருந்து கிழக்கே சில மைல் போனால் கீழடி. அங்கே தென்னந்தோப்புக்கு நடுவே 2015-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். நூல் நூற்கும் தக்களி, பாசிமணி, தந்தத்தாலான தாயக்கட்டை என்று அந்தக் காலத்து வீடுகளில் புழங்கிய சாமான்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவற்றோடு, கடல் கடந்து வந்த ரோமாபுரிப் பாண்டங்களின் ஓடுகளும்!

"அப்படியானால் ரோமாபுரிக்காரன் மதுரையை ஆண்டானா?" என்று கேட்கிறீர்களா? இல்லை, நேயர்களே! வியாபாரத்துக்குத்தான் வந்தான். மிளகும் முத்தும் மெல்லிய துணியும் வாங்கினான். பதிலுக்குப் பொன்னைக் கொட்டினான். அந்தப் பொன்னை நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சியில், 1898-இல் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! 'இனி இது காசு அல்ல, வெறும் பொன். நிறுத்து வாங்கிக்கொள்' என்பதற்கு அது அடையாளம் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். நம் தேசத்தில் கிடைத்த வேறு சில காசுகளில் துளை இருக்கிறது. கழுத்தில் கோத்து அணிந்திருக்கிறார்கள்! ரோமாபுரியில் சக்கரவர்த்தி, இங்கே பதக்கம்.

சேர நாட்டார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கரூரில் கிடைத்த வெள்ளிக் காசு ஒன்றில் ரோமானியப் பாணியில் ஒரு தலை. பக்கத்திலே பழைய தமிழ் எழுத்தில் 'மாக்கோதை' என்று சேர மன்னன் பெயர்!

அதே ரோமாபுரி, பிரிட்டன் தீவிலிருந்த கெல்டிக் மக்களிடம் கி.பி. 43-இல் படையோடு போய் இறங்கியது. கணவனை இழந்த பூடிக்கா ராணியைச் சவுக்கால் அடித்தார்கள். அவள் பெண்களை மானபங்கம் செய்தார்கள். 60-61-இல் அவள் படை திரட்டிக் கொல்செஸ்டரையும் லண்டனையும் கொளுத்தினாள். அந்த நகரங்களின் அடியில் வெந்து சிவந்த மண் அடுக்கை இன்றும் காணலாம். தோற்ற பிறகும் அந்த மக்கள் தங்கள் தெய்வத்தை விடவில்லை. பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில், ஸூலிஸ் தேவியை ரோமானிய மினர்வாவோடு சேர்த்துக் கும்பிட்டார்கள். குளிக்கும்போது துணி திருடியவனைத் தண்டிக்கச் சொல்லி, ஈயத் தகட்டில் அவளுக்கு மனு எழுதிப் போட்டார்கள்!

தங்களுடையதைக் காப்பாற்ற அவர்கள் கொடுத்த விலை எத்தனை பெரிது! நம்மிடம் அயலான் சரக்கோடு மட்டுமே வந்தான். அதனால் எதை ஏற்பது, எதை விடுவது என்ற தீர்மானம் நம்மவர் கையில் இருந்தது.

இன்று நம் வீட்டு வாசலிலும் அயல்நாட்டுச் சரக்கு வந்து நிற்கிறது. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உளி நம் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!